திருநள்ளாற்றுக்கும் அம்பகரத்தூருக்கும் நடுவே ஒரு வாசல்

ஐப்பசி மாதத்துப் பிற்பகல். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து, மழை சற்றுத் தணிந்த நேரம் பார்த்து அவர்களை அனுப்பிவிட்டு நடு அறைக்குள் வந்தேன்.

மாமா, என் கணவருடைய வாப்பா, தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வலது தோள் நிலைக்கால் மேல் சாய்ந்திருந்தது. இடது கை, வாசலுக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் கிடந்த பலகையின் மேல் இருந்தது. மூன்று கால் ஊன்றுகோல் பக்கத்தில் தானாக நின்றது. அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அந்தப் பலகை நான் போட்டது. அதன் மேல் என் ரயில் ஓடும் தண்டவாளம்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க மாமா?"

"தெரியல."

பலகையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. மழையில் மரம் ஊறி, இரண்டு பக்கமும் இறுகிப் போயிருந்தது. என் இரண்டு கைக்கே வரவில்லை. அவருக்கு இருப்பது ஒரு கை.

"ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமே மாமா. நான் முன்னாடிதானே இருந்தேன்."

பக்கவாதம் வந்த பிறகு அவருக்குப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். சொல்லைத் தேடி எடுத்து, அது சரிதானா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்.

"என் ரூமை விட்டு... வெளிய வர... சத்தம் கொடுக்கணுமா?"

சுத்தியலை எடுத்து வந்து பலகையை அடியிலிருந்து தட்டினேன். தண்டவாளம் ஒரு பக்கம் வளைந்து, பலகை பெயர்ந்து வந்தது. மாமா என்னைப் பார்க்காமல் கடந்து போய், முன்னறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தார். பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி வெகு நேரமாகியிருந்தது.

பொம்மையாக வந்தது

போன வாரம் இந்தப் பத்தியில் என் ட்யூஷன் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பிள்ளைகள் முன்னறைக்கு வந்ததும் முதலில் எட்டிப் பார்ப்பது நடு அறையைத்தான். அங்கே என்ன இருக்கிறது என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான். மகன் ரியாஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு விடுமுறைக்கு வந்தவர் ஒரு பொம்மை ரயில் வாங்கிவந்தார். உள்ளங்கை அகலத் தண்டவாளம்கூட இல்லை, இரண்டு விரல் அகலம். கரண்டில் ஓடும் பச்சை எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகச் சேர்க்கும் தண்டவாளத் துண்டுகள்.

ரியாஸ் சில நாள் விளையாடினான். அப்புறம் கிரிக்கெட் மட்டை வந்துவிட்டது. தண்டவாளத்தைப் பெட்டியில் போட்டு மூட உட்கார்ந்தவள் நான்தான். மூடவில்லை.

அடுத்த விடுமுறைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். "தண்டவாளம். நேர்த் துண்டு" என்றேன். "தண்டவாளமா?" என்று திருப்பிக் கேட்டார். நகைக் கடையில் நிற்கிறாராம்.

அப்படியே வருஷத்துக்குக் கொஞ்சமாகச் சேர்ந்தது. நடு அறையின் மூன்று சுவர்களையும் ஒட்டி இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, அதன் மேல் ஒரு பாதையைக் கட்டினேன். வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு கைப்பக்கம் காரைக்கால் ஸ்டேஷன். மறு கைப்பக்கம் பேரளம். சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனால் நடுவில் திருநள்ளாறு, அம்பகரத்தூர். எங்கள் ஊரிலிருந்து பேரளத்துக்கு முன்பு ஓடிய அதே வழி.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்பார்கள். "அந்தக் காலத்து ரயில் ஞாபகமா?" மரியாதைக்கு ஆமாம் என்பேன். உண்மையில் அந்த ரயிலில் நான் போனது சில தடவைதான். கண்ணில் கரி விழுந்து வாப்பா சட்டை நுனியால் எடுத்துவிட்டதும், மயிலாடுதுறைக்கு மாறுகிற அவசரத்தில் பேரளத்தில் என் ஒரு செருப்பு தவறிப் போனதும்தான் மனதில் இருக்கிறது. அந்தப் பாதையை எடுத்தபோது நான் அழவில்லை. இப்போது புதுப் பாதை போட்டிருக்கிறார்கள், நல்லதுதான்.

எனக்குப் பிடித்தது வேறு. ஒரு கோடு ஓர் இடத்தில் தொடங்கி, எங்கேயும் அறுபடாமல் இன்னோர் இடத்தில் போய்ச் சேரவேண்டும். கணக்கு டீச்சருக்கு அதைவிடப் பெரிய ஆசை என்ன இருக்கப்போகிறது?

கிடங்கு அறை

காரைக்காலுக்கும் பேரளத்துக்கும் நடுவில், எதிர்ச் சுவரில், ஓர் அறை வாசல் இருந்தது. பழைய டிரங்குப் பெட்டிகளும் உடைந்த கட்டிலும் கிடந்த கிடங்கு அறை. யாரும் போவதில்லை. அதனால் வாசலுக்குக் குறுக்கே பலகையை நிரந்தரமாக அடித்து ரயிலை விட்டிருந்தேன். திருநள்ளாறு தாண்டி, அந்த வாசலைக் கடந்து, அம்பகரத்தூர்.

மாமா அப்போது மாடியில் இருந்தார். சரக்குக் கப்பலில் சுக்கான் பிடித்தவர். என் மாமி மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு தன் வேலை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். தேநீர் மட்டும் நான் கொண்டுபோவேன். வாசலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

ஒரு நோன்புப் பெருநாள் கழிந்து சில வாரங்களில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை முழுக்க விழுந்துவிட்டது. வலது காலை இழுத்து நடக்கலாம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மாடி ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கீழே கழிவறை சேர்ந்த அறை ஒன்றே ஒன்று. கிடங்கு அறை.

டிரங்குப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றினோம். வெள்ளையடித்தோம். அவர் வருவதற்கு முந்தைய சாயங்காலம் திருப்புளியோடு உட்கார்ந்து வாசல் பலகையைக் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

பாதை இரண்டு துண்டாயிற்று. இந்தப் பக்கம் காரைக்கால், திருநள்ளாறு. அந்தப் பக்கம் அம்பகரத்தூர், பேரளம். ஓரிரண்டு மாதம் அப்படியே இருந்தது. மாமாவுக்கு மருந்து, பயிற்சி, கஞ்சி, எண்ணெய் தேய்ப்பது, அதற்கு நடுவில் ட்யூஷன். ரயிலை நினைக்க நேரமில்லை என்று சொன்னால் பொய். அந்த அறையை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தாண்டினேன். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு முனைகளும் கண்ணில் பட்டன.

கத்தாருக்குப் போன் பண்ணும்போது சொன்னேன்.

"வாப்பாவுக்குச் சரியாகுற வரைக்கும் அதை எடுத்து வெச்சுடு மெஹர்."

"எடுத்தாச்சு மச்சான். மறுபடி போடணும், அதைத்தான் சொல்றேன்."

"இப்ப என்ன அவசரம்?"

"அவசரம் இல்ல. ஆனா விடறதா இல்ல."

பழைய கட்டில் சட்டத்தை அறுத்து, தூக்கி வைக்கிற மாதிரி ஒரு பலகை செய்தேன். இரண்டு பக்கமும் பள்ளத்தில் உட்காரும். வேண்டாதபோது எடுத்துவிடலாம். மாமாவிடம் காட்டினேன், தலையாட்டினார். வெயில் காலம் முழுக்க அது நன்றாகத்தான் எடுக்க வந்தது. மழைக்கு மரம் என்ன செய்யும் என்று நான் யோசித்திருந்தால் அந்தப் பிற்பகல் நடந்திருக்காது.

சம்மதம்

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மாமா மகனோடு போனில் பேசினார். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் சொன்னது கேட்டது.

"மாடிக்கே... போயிடுறேன். கீழ... வேணாம்."

உடனே என் போன் அடித்தது. கணவர்தான். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

"மெஹர், அவர் சொன்னா செய்வார். ஏறி விழுந்துட்டார்னா? மொத்தத்தையும் கழட்டிடு. நான் உனக்கு வேற ஏதாவது வாங்கித் தர்றேன்."

"வேற என்ன?"



தட்டில் சோறு போட்டு மாமாவிடம் கொண்டுபோனேன். வழக்கமாக வைத்துவிட்டு வந்துவிடுவேன். அன்று எதிரில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"மாமா, நீங்க மாடிக்குப் போக வேண்டாம். பலகையைத் தூக்கிப் போட்டுட்டேன். உங்களுக்குச் சம்மதம் இல்லேன்னா அந்த வாசல்ல இனிமே ஒண்ணும் வராது."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனா நான் இன்னொரு தடவை செஞ்சு பார்க்கணும்னு நினைக்கிறேன். எப்படி இருந்தா உங்களுக்குச் சரிவரும்? அதை மட்டும் சொல்லுங்க."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். சொல் வர நேரமாயிற்று.

"நான் நினைச்சப்ப... தூக்கணும். உன்கிட்ட கேக்காம. சொல்லாம."

"சரி."

"ஒத்தைக் கையால."

"சரி மாமா."

அவ்வளவுதான் பேச்சு. தட்டை எடுக்கும்போது வலது பக்கத்துச் சோறும் ஒரு மீன் துண்டும் தொடாமல் இருந்தன. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் மிச்சம் வைத்துக்கொண்டிருந்தார். பசி குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எந்த ஆற்றுக்கு?

கதவு மாதிரி கீல் வைத்துப் பக்கவாட்டில் திறக்கலாமா என்று முதலில் பார்த்தேன். திறந்தால் ஊன்றுகோல் வைக்க இடமில்லை. மேல்பக்கம் தூக்குகிற மாதிரி செய்தால், கை நழுவினால் தலையில் விழும். கீழே தொங்கவிட்டால், மறுபடி தூக்க அவர் குனிய வேண்டும். குனியவே கூடாது என்பது டாக்டர் கட்டளை. அட்டையில் செய்து ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டேன்.

கடைசியில் முதல் யோசனைக்கே வந்தேன். முழுசாகத் தூக்கி எடுத்துவிடுகிற பாலம். ஆனால் எடை இருக்கக் கூடாது. ஊறக் கூடாது. எடுத்ததை வைக்க அவர் கைக்கெட்டும் இடத்தில் கொக்கி வேண்டும்.

பாரதியார் வீதிப் பக்கம் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் அருளப்பனிடம் போனேன். அவர் மகள் மூன்று வருஷம் என்னிடம் படித்தவள்.

"ஜன்னல் அகலம் சொல்லுங்க டீச்சர்."

"ஜன்னல் இல்ல. பாலம்."

அருளப்பன் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். "எந்த ஆத்துக்கு?"

"எங்க மாமா ரூம் வாசலுக்கு."

விளக்கிச் சொன்னேன். மறுநாள் வீட்டுக்கே வந்து அளந்தார். மாமாவுக்கு வணக்கம் சொல்லி, வாசலில் மண்டி போட்டு, இரண்டு நிலைக்கால்களுக்கும் நடுவில் டேப்பைப் பிடித்தார். ஜன்னலுக்குப் போடும் மெல்லிய சேனல் இரண்டை இணைத்து, நடுவில் கைப்பிடி வைத்துத் தந்தார். ஒரு விரலால் தூக்கலாம். ஆனால் ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, குறைவாக வெட்டியிருந்தார்.

"கொஞ்சம் ஆட்டம் இருந்தாத்தான் டீச்சர் ஜன்னல் சுலபமா ஓடும்."

"ஜன்னல் ஓடும், ரயில் கவுந்துடும்."

அவர் சிரித்தார். மறுபடி வெட்டித் தருகிறேன் என்றார். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு முனையிலும் பித்தளைத் தகடு வைத்து அந்த ஒரு நூலை நிரப்பினேன். தண்டவாளத்தை அதன் மேல் ஒட்டி, முனையும் முனையும் சேரும் இடத்தில் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தேன். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். தட்டாத வரைக்கும் அரம் போட்டேன்.

பாலம் எங்கே உட்கார வேண்டுமோ அங்கேயே உட்கார, ஒவ்வொரு முனையிலும் கீழ்நோக்கி ஒரு பித்தளை முளை. அது போய் இறங்க, சுவர்ப் பலகையில் ஒரு பித்தளைக் குழல். பாலத்துத் தண்டவாளத்துக்கு மின்சாரமும் அந்த முளைகள் வழியாகவே போகும்படி ஒயரைப் பற்றவைத்தேன்.

மாமாவின் அறைக்குள், வாசலை ஒட்டிய இடது பக்கச் சுவரில் இரண்டு கொக்கிகள். பாலத்தைத் தூக்கி, உடம்பைத் திருப்பாமல் அப்படியே மாட்டிவிடலாம்.

சரியாக வருகிறதா என்று நானே பார்க்க வேண்டுமே. வலது கையைச் சேலை முந்தானைக்குள் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, இடது கையால் தூக்கி மாட்டிப் பழகினேன். கைப்பிடி நடுவில் இருந்தால் இடது கைக்காரருக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் நகர்த்தினேன். கட்டிலில் உட்கார்ந்து மாமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் ஒழுங்கும் வைத்துக்கொண்டேன். மாமா வெளியே போயிருக்கும்போது நான் பாலத்தைப் போடுவதில்லை. திரும்பி வரும்போது வழி திறந்தே இருக்கும். அவர் அறைக்குள் வந்த பிறகு, வாசலில் நின்று கேட்பேன்.

"மாமா, உள்ள வரலாமா? பாலம் எடுத்துப் போடணும்."

முதல் தடவை கேட்டபோது அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"இப்ப... நீ கேக்குற."

விழுந்தது

பாதை ஒன்றானதும் முதல் ரயிலை விட்டேன். அதே பச்சை எஞ்சின். மூன்று பெட்டிகள். காரைக்காலில் நின்று கன்ட்ரோலரைத் திருகினேன். திருநள்ளாறு வரைக்கும் மெதுவாகப் போயிற்று. சுவர் திரும்பி மாமாவின் வாசல் பக்கம் வந்தது.

கதவு திறந்தது. மாமா வந்து நின்றார். ஊன்றுகோலைப் பக்கத்தில் நிறுத்தினார். இடது கையால் கைப்பிடியைப் பிடித்துப் பாலத்தைத் தூக்கினார். கொக்கியில் மாட்டினார்.

"மாமா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் விழுந்தது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னாலேயே விழுந்தன. சிமெண்டுத் தரையில் டப்பா உருண்ட மாதிரிச் சத்தம்.

வேண்டுமென்றுதான் செய்தார் என்று தோன்றியது. நான் சொன்ன வார்த்தையைச் சோதித்துப் பார்க்கிறார். நினைத்தபோது தூக்கலாம் என்றேன், தூக்கிவிட்டார். வாயைத் திறந்தால் தப்பாகப் போய்விடும் என்று தரையில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். எஞ்சினின் முன் சக்கரம் கோணியிருந்தது. ஒரு பெட்டியின் கூரை இரண்டாகியிருந்தது.

மாமா நகரவில்லை. தரையில் துண்டுகள் கிடந்ததால் போக முடியாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் முகம் என் முகம் மாதிரி இருந்தது. அவருக்கும் அதிர்ச்சி.

"எங்கேருந்து... வந்துச்சு?"

"இப்படித்தானே மாமா. உங்க வலது பக்கத்துலேருந்து. உங்களுக்கு நேராத்தானே வந்துச்சு."

தலையை மெதுவாக வலது பக்கம் திருப்பி, திருநள்ளாறு ஸ்டேஷனைப் பார்த்தார். புதிதாகப் பார்க்கிற மாதிரி.

கையிலிருந்த எஞ்சினைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அவருக்கு எதிரில் நின்று, என் இடது கையை அவருடைய வலது பக்கமாக நீட்டி விரல்களை ஆட்டினேன்.

"இது தெரியுதா மாமா?"

"எது?"

கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குக் கொண்டுவந்தேன். அவர் மூக்குக்கு நேராக வந்தபோதுதான் அவர் கண் என் விரலைப் பிடித்தது.

தட்டின் வலது பக்கத்துச் சோறு. வலது தோளில் ஆறாத காயம், நிலையில் இடித்துக்கொள்கிறார் என்று மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரைத் தேடுவது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன.

"எப்பலேருந்து மாமா?"

"ஆஸ்பத்திரிலேருந்து."

"ஏன் சொல்லல?"

"கண்ணு நல்லாத்தான்... இருக்கு. ஒரு பக்கம்... இல்ல. எப்படிச் சொல்றது?"

சுக்கான் பிடித்து ஊர் ஊராகக் கப்பல் ஓட்டியவர். அவர் அதைச் சொல்லிக்கொள்ள விரும்பியிருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த வாரம் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். கண்ணில் கோளாறு இல்லை, மூளையில் அடிபட்ட இடத்தால் இரண்டு கண்ணிலும் வலது பாதிப் பார்வை போயிருக்கிறது என்றார் டாக்டர். திரும்ப வருவது சந்தேகம். ஆனால் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும், பழகலாம் என்றார். மாமா தலையாட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது அவரை வலது பக்க ஜன்னலில் உட்காரவைக்காமல் இடது பக்கம் உட்காரவைத்தேன். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பார்க்காமல் தூக்கினாலும்

கணவர் புது எஞ்சின் அனுப்புகிறேன் என்றார். இப்போது வேண்டாம் என்றேன். பாலத்தைச் சரிசெய்யாமல் எஞ்சின் வந்தால் அதுவும் தரைக்குத்தான் போகும்.

நினைத்தபோது தூக்கலாம் என்று நான் கொடுத்த வார்த்தைக்கு இப்போதுதான் முழு அர்த்தம் தெரிந்தது. பார்த்துத் தூக்குவது இல்லை. பார்க்காமல் தூக்கினாலும் ஒன்றும் ஆகக் கூடாது. வீட்டில் பாக்கி எல்லாவற்றுக்கும் அவர் பிறரைக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றிலாவது கேட்க வேண்டியதில்லை என்று ஆக்குவதில் நான் உறுதியாக இருந்தேன்.

ஒயர்களை எல்லாம் கழற்றினேன். பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு முழ நீளத் தண்டவாளத்தைத் தனியாகப் பிரித்தேன். அந்த ஒரு முழத்துக்கு மின்சாரம் பாலத்தின் முளைகள் வழியாகத்தான் போகும்படி மாற்றினேன். பாலம் இருந்தால் அந்த முழத்துக்கு உயிர் உண்டு. தூக்கிவிட்டால் உயிர் போய்விடும், வருகிற ரயில் அங்கேயே நின்றுவிடும்.

பாலத்தைத் தலைமாற்றி வைத்துவிட்டால் கரண்டும் மாறிப்போகும். அதனால் ஒரு முனையின் முளையைத் தடிமனாகவும், மறு முனையின் முளையை மெல்லியதாகவும் செய்தேன். தப்பாக வைத்தால் இறங்காது.

ரயில் பாலத்தின் மேலேயே இருக்கும்போது தூக்கினால்? அதற்கு மட்டும் ஒரு வழி தெரியாமல் சில நாள் யோசித்தேன். கடைசியில் ஒரு மணி வைத்தேன். எஞ்சினுக்கு அடியில் சின்னக் காந்தம். பாலத்துக்குச் சற்று முன்னால், அந்த ஒரு முழத்தின் கடைசியில், காந்தம் வந்தால் மூடிக்கொள்ளும் ஸ்விட்ச். எஞ்சின் அதைத் தாண்டும்போது, மாமாவின் இடது பக்க நிலைக்காலில் மணி ஒரு தரம் அடிக்கும்.

"மணி அடிச்சா என்ன செய்வீங்க மாமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரயில்வே கேட்டுல... என்ன செய்வாங்க? நிப்பேன்."

எஞ்சின் சக்கரத்தை நானே நிமிர்த்தினேன். முழுசாக நேராகவில்லை, லேசாக நொண்டும். பெட்டிக் கூரையை ஒட்டினேன். மாமாவைத் தூக்கச் சொல்லித் தூக்கச் சொல்லி ரயிலை விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு முழத்துக்குள் நின்றது. பிறகு சொல்லாமல் தூக்கச் சொன்னேன். நின்றது. அப்புறம் சோதிப்பதை விட்டுவிட்டேன்.

மணிச் சத்தம்

கார்த்திகை பிறந்திருந்தது. ஒரு சாயங்காலம் ரயிலைக் காரைக்காலிலிருந்து விட்டிருந்தேன். அது திருநள்ளாறு தாண்டும்போது மாமா பாலத்தைத் தூக்கி மாட்டிவிட்டு முன்னறைக்குப் போனார். ரயில் வாசலுக்கு முன்னால் நின்றது. அதற்குள் ட்யூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கன்ட்ரோலரை அணைக்க மறந்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன்.

மாமா தொழுது முடித்து, பிள்ளைகள் சலாம் சொன்னதற்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் கரும்பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது.

சாக்பீஸ் கையிலேயே நின்றது. எஞ்சின் நகர்ந்தால்தான் மணி அடிக்கும். பாலம் இருந்தால்தான் எஞ்சின் நகரும். பாலத்தைப் போட வேண்டியவள் இங்கே நிற்கிறேன்.

உள்ளே ஓடினேன். மாமா தன் அறைக்குள் வாசலை ஒட்டி நின்றார். பாலம் அதன் இடத்தில் இருந்தது. தலையை முழுக்க வலது பக்கம் திருப்பி, நொண்டிக்கொண்டு வரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் வயிற்றுக்கு முன்னால் கடந்தபோது தலையும் கூடவே திரும்பியது. கடைசிப் பெட்டி அம்பகரத்தூர் பக்கம் போகும் வரைக்கும் பார்த்தார்.

"மாத்தி வெச்சேன்" என்றார். "இறங்கல. திருப்பி வெச்சேன்."

"அதுக்குத்தான் மாமா முளை வேற வேற தடிமன்ல வெச்சேன்."

"தெரியுது."

ஊன்றுகோலை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். கட்டில் பக்கம் ஓர் அடி வைத்துவிட்டு நின்றார்.

"இனிமே நீ... உள்ள வர வேணாம். நானே... போட்டுக்கிறேன்."

அந்தப் பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டது. பேரளத்தில் நிறுத்த ஆள் இல்லாததால் எஞ்சின் கடைசிக் கட்டையில் முட்டிக்கொண்டு, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"போ" என்றார் மாமா. "போய் நிறுத்து."